வெடி நேரக் காவல்

மார்ச் 3, திங்கள்

வக்கீல் தண்டபாணி இந்த டைரியைக் கையில் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி தெனமும் எழுதி வைங்க சென்னியப்பன். நாளைக்குக் கோர்ட்டுல கேட்டாக் காட்டலாம்," என்றார். ஆகவே எழுதுகிறேன். படிக்கப்போகும் ஜட்ஜய்யா அவர்களுக்கு வணக்கம்.

என் தோட்டத்துக்கு வடக்கே கம்பெனியின் சுண்ணாம்புக்கல் குழி இருக்கிறது. குழியில் ஊறும் தண்ணீரை ராத்திரி பகலாக மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறார்கள். அதனால் எங்கள் கிணறுகள் வற்றித் தோட்டம் காய்கிறது, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் மாடுகள் குடிக்கும் தாளியில் ஊற்றக்கூடத் தண்ணீர் இல்லை என்று விவசாயிகள் சங்கத்தின் பேரில் கேஸ் போட்டோம். போடவைத்தவன் நான். "மழை இல்லாவிட்டால் கிணறு வற்றத்தான் செய்யும்" என்பது கம்பெனியின் பதில். யார் சொல்வது உண்மை என்று அளந்து சொல்லக் கோர்ட்டு அனுப்பியிருப்பவர் ஜெசிந்தா மேடம், நாகர்கோவில்காரர். ஜெயித்தால் குழி இதோடு நிற்கும். தோற்றால் அடுத்து அவர்கள் தோண்டப்போவது என் கொறங்காட்டை.

மேடம் மூன்று கிணறுகளைத் தேர்ந்தெடுத்தார். குழியை ஒட்டி என்னுடையது. அதற்குத் தெற்கே குப்பண்ணன் கிணறு. ஊர்க்கோடியில் அவிநாசியப்பன் கிணறு. மே மாதம் முடியும்வரை மூன்றிலும் ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால், தண்ணீர் இறங்கியது குழியாலா எடுத்ததாலா என்று சொல்லமுடியாதாம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். கிணற்றைச் சுற்றிய கம்பி வேலிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி என்னிடம்.

மாரியம்மன் கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "என்ற கெணத்துல கை வெக்க மாட்டேன், கம்பெனி லாரித் தண்ணியையும் தொட மாட்டேன்" என்று முதலில் சத்தியம் செய்தவன் நான்தான். கம்பெனி இலவசமாக அனுப்பும் லாரித் தண்ணீரை வாங்கினால் போட்டோ பிடித்து, ஊருக்கே நாங்கள்தான் படியளக்கிறோம் என்று கோர்ட்டில் காட்டிவிடுவார்கள். அவிநாசியப்பனும் அடித்தான். குப்பண்ணன் மட்டும் சூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம சரி தம்பி, மாடு என்ன பண்ணும்?"

"பஞ்சாயத்துத் தண்ணி வருதில்லீங்ணா. சமாளிக்கோணும். மண்ணு போனா மாட்டை எங்க கட்டுவீங்க?" என்று கேட்டேன். கூட்டம் கை தட்டியது. அவரும் அடித்தார்.

மேடம் என் கிணற்றுக்குள் ஒரு சின்னக் குழாயைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஏதோ விளக்கம் சொன்னார். அந்நேரம் நான் பத்திரிகைக்காரருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மார்ச் 5, புதன்

கம்பெனி லாரி வந்து ரோட்டில் நின்று ஆரன் அடித்தது. போய் விரட்டினேன். டிரைவர் பையன் சிரிக்கிறான். "நாளைக்கும் வருவனுங்க" என்கிறான். வரட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தக்காளிச் செடி முழுக்கத் தலை சாய்ந்துவிட்டது. பஞ்சாயத்து வண்டி அரை டிரம் ஊற்றிவிட்டுப் போனது. அதில் சோறாக்குவதா, மயிலைக்குக் காட்டுவதா? மயிலை என் மாடு. சினையாக இருக்கிறது. குப்பண்ணன் வீட்டுச் செவலை ஈன்ற கன்று அது. கிடேரியாக வாங்கி வந்து வளர்த்தோம்.

என் வீட்டுக்காரி பாவாத்தாள் காய்ந்த தாளியில் முட்டிக்கொண்டு நிற்கும் மயிலையைக் காட்டி, "சூடம் அடிச்சவிய வந்து இதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். பொம்பளைக்குக் கேஸைப் பற்றி என்ன தெரியும் என்று திட்டினேன். ராத்திரி முழுக்க மாடு கத்தியது.

மார்ச் 14, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் குழியில் வெடி வைக்கிறார்கள். முன்கூட்டியே சங்கு ஊதும். ஊதினால் காட்டில் இருக்கிற எல்லோரும் தார் ரோட்டுக்குப் போய்விட வேண்டும். மறு சங்கு ஊதும்வரை இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் எவனாவது வந்து கிணற்றில் விஷமம் செய்துவிட்டால்? ஆகவே இன்று சங்கு ஊதியபின் நான் மட்டும் மோட்டார் ரூமிலேயே காவல் இருந்தேன். உயிருக்கு ஆபத்துதான். பொதுக்காரியம் என்று வந்தபின் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

உள்ளங்கை காந்துகிறது. வேலிப் படல் கட்டும்போது கயிறு அறுத்துவிட்டது.

மயிலை இன்று சத்தமில்லாமல் படுத்து அசைபோட்டது.

மார்ச் 18, செவ்வாய்

வெடி. காவல்.

மார்ச் 21, வெள்ளி

வெடி. காவல். பாவாத்தாள் என் கைக்கு விளக்கெண்ணெய் போட்டுவிட்டாள். "படலை எத்தன தடவதான் கட்டுவீங்க?" என்றாள். அவள் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால் தேவலை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் குப்பண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, கம்பெனி லாரில ரண்டு டிரம் மட்டும் புடிச்சுக்கறேன். நாலு உருப்படி. எளங்கன்னு வேற. பாக்க முடியல சாமி."

எனக்கு வந்ததே கோபம். "சூடம் அடிச்ச கை காயறதுக்குள்ள இப்படிப் பேசறீங்ளே, வெக்கமா இல்லீங்களாண்ணா? உங்க ஒருத்தரால ஊரே கெடோணுமா? முடியாட்டி மாட்டை வித்துப்போடுங்க. கேஸ் ஜெயிச்சதுக்கப்புறம் பத்து மாடு வாங்கலாம்" என்று கத்திவிட்டேன். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அவர் என் கட்டுத்தறைப் பக்கம் போய் மயிலையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். போய்விட்டார்.

ஒரு ஆள் கண்டிப்பாக இருந்தால்தான் ஊர்க்காரியம் நடக்கும்.

மார்ச் 31, திங்கள்

குப்பண்ணன் நாலையும் சந்தைக்கு ஓட்டிப்போய்விட்டார். செவலையும் போச்சு. எங்கள் தோட்டத்தைத் தாண்டும்போது அது நின்று மயிலையைப் பார்த்துக் கத்தியது. இதுவும் பதிலுக்குக் கத்தியது. நான் உள்ளே இருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஜெசிந்தா மேடம் வந்தார். கிணற்றிலிருந்து அந்தக் குழாயை மேலே தூக்கி, ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பைத் திறந்தார். திரையில் நீளமாக ஒரு கோடு. அவிநாசியப்பனும் சங்கத்து ஆட்களும் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க மேடம் இது?" என்றேன்.

"கால்மணிக்கு ஒரு தடவ தண்ணி எவ்வளவு இருக்குன்னு இது தன்னால எழுதிக்கிடும் சார். அன்னைக்கே சொன்னேம்லா?"

எனக்குத் தெரிந்தது அவர் வரும்போது டேப்பை விட்டு அளப்பது ஒன்றுதான்.

மேடம் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "மொத்தமா சரிஞ்சு வருது பாருங்க. ஆனா இங்க என்ன, திடீர்னு படிக்கட்டு மாதிரி விழுது? அப்புறம் விடியற வரைக்கும் மெல்ல ஊறுது. திரும்ப மூணு நாலு நாள் கழிச்சு ஒரு படி." தேதிகளைப் பார்த்தார். "வெள்ளி. செவ்வாய். வெள்ளி. எல்லாமே மத்தியானம்."

அவிநாசியப்பன் துள்ளிக் குதித்தான். "வெடி நேரமுங்க மேடம்! வெடிக்கறப்பப் பாறை பொளந்து தண்ணிய உறிஞ்சுதுங்க!"

எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். எவனோ என்னைத் தூக்கிவிட்டான். மேடம் மட்டும் நெற்றியைச் சுருக்கி, "இருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்" என்றார். எனக்கு வேர்த்த வேர்வையைக் கிணற்றில் ஊற்றியிருந்தால் மட்டம் ஏறியிருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

இனிமேல் காவலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். காலையில் வக்கீல் போன் செய்தார்.

"சென்னியப்பன், தங்கமான சாட்சிங்க இது! மழை இல்லைன்னு சொன்னாங்கல்ல, மழைக்குச் செவ்வாய் வெள்ளி தெரியுமா? அடுத்தடுத்த வெடிக்கும் இதே மாதிரி விழுந்துதுன்னா கேஸ் முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க. விழாமப் போனாத்தான் சிக்கல். கருவி கோளாறும்பான், கெணத்துக்காரன் ஏதோ பண்ணிட்டான்னும்பான்."

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 4, வெள்ளி

வெடி. காவல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காவல். சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். குப்பண்ணன் வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நல்ல கோடை மழை. கல்மாரியோடு கொட்டித் தீர்த்தது. தாளி, டிரம், அண்டா குண்டா எல்லாம் நிரம்பிவிட்டன. கிணற்றில் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, பெய்தது எல்லாம் ஓடையில் போய்விட்டது. மயிலை வயிறு முட்டக் குடித்தது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்புறம்தான் நாளை மறுநாள் செவ்வாய் என்று ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

சங்கு ஊதியது. செருப்பை மாட்டினேன்.

பாவாத்தாள் வாசலில் குறுக்கே நின்றாள். "தாளி நெறைய நெறையக் கெடக்குது. மாட்டுக்கு வேண்டியதில்ல. இன்னும் என்னுங்க காவலு?"

"ஊருக்காவ" என்றேன்.

"ஊருக்காவ" என்று அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விலகி வழி விட்டாள்.

ஜட்ஜய்யா படித்தால் படிக்கட்டும். இன்றைக்கு ஊற்ற இடமில்லை. தாளியில் இடமில்லை, டிரம்மில் இடமில்லை. கருகிப்போன தக்காளிப் பாத்தியில் ஊற்றினேன். வாளி வாளியாக ஊற்றினேன். இந்தக் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கீழே துப்பினாலே எங்கப்பன் அடிப்பார். செத்த செடிக்குத் தண்ணீர் விட்டவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை. இரண்டு செவ்வாய் வெள்ளி விட்டால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். மே மாதம் முடியும்வரை நான் இப்படியே இறைத்து இறைத்துக் கீழே கொட்ட வேண்டும். கம்பெனி செய்கிற அதே வேலை.

ஏப்ரல் 18, வெள்ளி

செய்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மேடம் மூன்று கிணற்றுக் கோடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்திருக்கிறார். குப்பண்ணன் கிணற்றிலும் அவிநாசியப்பன் கிணற்றிலும் கோடு மெல்லச் சரிகிறதே தவிரப் படி இல்லை.

"உங்க கெணத்துல மட்டும் ஏன் சார்?" என்றார்.

"குழிக்குப் பக்கமில்லீங்களா மேடம்" என்றேன்.

"அறிக்கைல எழுதணும்னா நான் கண்ணால பாக்கணும். வெள்ளிக்கிழமை வெடி நேரத்துல உங்ககூட மோட்டார் ரூம்லயே இருக்கேன். கம்பெனிகிட்ட அனுமதி வாங்கியாச்சு. அவங்க ஆளு ஒருத்தரும் வேலிக்கு வெளிய நிப்பாரு."

மே 1, வியாழன்

பொழுது சாயக் குப்பண்ணன் வந்தார். மாடு விற்றதிலிருந்து அவர் என் படலைத் தாண்டியதில்லை. மயிலை அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"நாளைக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

"எதுக்குங்ணா?"

"நடிக்காத தம்பி. மொத வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன். சங்கு ஊதியும் என்ற செவலை நவுரமாட்டீன்னு படுத்துக்கிச்சு. அதை உட்டுட்டுப் போக மனசு வராம வேலி ஓரத்துல பதுங்கிக் கெடந்தேன். நீ கயிறு போட்டு இழுத்துட்டு இருந்த."

மெதுவாக, "அன்னைக்கு நீங்க லாரித் தண்ணி கேட்டு வந்தப்ப..." என்றேன்.

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"தெரிஞ்சும் நான் பேசினதைக் கேட்டுட்டுப் போனீங்ளா?"

"என்ன சொல்றது? ஊர் முன்னால உன்னைச் சந்தி சிரிக்க வெச்சாக் கேஸு போயிரும். அப்புறம் மயிலை நம்ம செவலை போட்ட கன்னு. ஒண்ணாவது குடிக்கட்டும்னு உட்டுட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வெடிச்சதும் நான் வேலிக்கிட்ட வந்து பாம்புன்னு கத்தறேன். மேடமும் அந்தாளும் ஓடியாருவாங்க. சித்த நேரம் கெடைக்கும். இழுத்து ஊத்திப்போடு."

போய்விட்டார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான், அதையும் எழுதிவிடுகிறேன். தப்பித்தோம் என்று மனசு குதித்தது. மயிலைக்குத் தவிடு காட்டப் போனேன். பக்கத்துக் காட்டில் அவருடைய வெறும் கட்டுத்தறை தெரிந்தது. முளைக்குச்சிகளைக்கூட அவர் இன்னும் பிடுங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மே 2, வெள்ளி

சங்கு ஊதியது. மேடம் கிணற்று மேட்டில் குனிந்து டேப்பை இறக்கிவிட்டு மோட்டார் ரூமுக்குள் வந்தார். கம்பெனி ஆள் வேலிக்கு வெளியே ஹெல்மெட்டுடன் நின்றான். வாளியும் கயிறும் கதவுக்குப் பின்னால், நான் எப்போதும் மறைத்து வைக்கும் இடத்தில் இருந்தன.

வெடித்தது. தகரம் அதிர்ந்தது. மேடம் ஓடிப்போய் டேப்பைப் பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் அலம்பி, அப்படியே நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றார்.

அப்போது தெற்கு வேலியில் குப்பண்ணன் குரல். "பாம்பு! ஐயோ, மேடம், கருநாகம்! ஓடியாங்க!" இந்த வயதில் அந்த மனிதர் மண்ணில் விழுந்து புரண்டு கத்தினார். மேடம் ஓடினார். கம்பெனிக்காரனும் ஓடினான்.

நான் வாளியை எடுத்தேன். கிணற்று விளிம்புக்கு வந்தேன். கயிற்றைக்கூட உள்ளே விட்டேன். பாதியில் கை நின்றுவிட்டது. சூடம் அடித்ததற்காக அவர் நாலு மாட்டை விற்றார். இப்போது எனக்காகப் பொய்யும் சொல்கிறார். இதற்குமேல் அவரிடம் பிடுங்க என்ன இருக்கிறது?

மேடம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது காலி வாளியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் குப்பண்ணன், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பாம்பு இல்லீங்க மேடம். வெடியும் இல்லீங்க. நான்தானுங்க" என்றேன்.

மேடம் என் உள்ளங்கையைப் பார்த்தார். கம்பெனி ஆள் செல்போனில் படம் பிடித்தான். சங்கத்துக்காரர்கள் வந்து சேர்ந்ததும் அவிநாசியப்பன் என்னைப் பார்த்துக் காறித் துப்பினான். வக்கீலுக்குப் போன் செய்து சொன்னேன், பாதியிலேயே வைத்துவிட்டார்.

எல்லோரும் போனபின் மேடம் ஜீப்பில் ஏறாமல் நின்றார். "உங்க கெணத்தை அறிக்கைல சேர்க்க முடியாது சார். மத்த ரெண்டும் இருக்கு, ஆனா தூரம். அதை வெச்சு எவ்வளவு எடுபடும்னு தெரியல."

"என்ற கெணத்துல நான் எடுக்காத நாள்ல எறங்கினது, மேடம்?"

"அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருந்தேன். தன்னால சரிஞ்ச அந்தக் கோடு ஒண்ணே போதுமா இருந்துச்சு. அந்தப் படி இல்லாம இருந்தா."

மே 9, வெள்ளி

பூட்டைக் கழற்றக் கூடாது என்று கம்பெனி வக்கீல் மனு போட்டிருக்கிறார். நான் ஏமாற்றியதற்குக் கிணறுதான் சாட்சியாம். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சாயத்து வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறது, நிற்பதில்லை. மழைத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கொறங்காட்டு ஓரத்தில் கம்பெனிக்காரர்கள் வந்து வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்.

மே 12, திங்கள்

மயிலை நேற்று ராத்திரி முழுக்கக் கத்தியது. நிறைமாதம்.

காலையில் கம்பெனி லாரி வந்து ஆரன் அடித்தது. டிரம்மை உருட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். ஊரே பார்த்தது. அதே டிரைவர் பையன், இன்று சிரிக்கவில்லை. "ஒரு போட்டோ எடுக்கோணுமுங்க. ஆபீஸ்ல கேப்பாங்க" என்றான். டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். எடுத்துக்கொண்டான்.

டிரம்மைத் திருப்ப முடியாமல் நான் திணறுவதைப் பார்த்துக் குப்பண்ணன் வந்து மறுபக்கம் பிடித்தார். இருவரும் உருட்டி வந்து தாளியில் சாய்த்தோம்.

"எங்க புடிச்ச தண்ணியாம்?" என்றார்.

"குழியில எறைக்கறதைத்தான் ரொப்பியாறாங்களாம்."

அவர் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

"உன்ற கெணத்துத் தண்ணியேதான்டா தம்பி" என்றார்.

மயிலை தலையைத் தூக்காமல் குடித்தது.